வேக்ஸ் போட நாள் பார்த்த கதை

புதிதாகப் பெயின்ட் அடித்த காருக்கு எப்போது வேக்ஸ் போடலாம்?

சென்ற வாரம் எங்கள் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் கெமிஸ்ட்ரி நிர்மலா இந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் வீட்டு மாருதி, வெள்ளையிலிருந்து சிவப்புக்கு மாறியிருக்கிறதாம். கேள்வியைப் பொதுவாகத்தான் கேட்டார். ஆனால் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் தமிழ் வாத்தியார். எனக்கும் வேக்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைப் பற்றி நான் கேட்ட அபிப்பிராயங்களைத் தொகுத்தால் ஒரு டாக்டர் பட்டத்துக்குத் தாராளமாகப் போதும். அவசரமாக இருப்பவர்களுக்காகப் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு அவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்: இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். அதுவரை வெறும் தண்ணீர், மெத்தென்ற துணி, கொஞ்சம் நிழல். அவ்வளவுதான்.

அந்த இரண்டு மூன்று மாதத்தில் வீட்டில் என்ன நடக்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதை நான் சொல்கிறேன்.

எங்கள் கார் ஃபியட். எனக்குத் தெரிந்து அது எப்போதுமே பழையதாகத்தான் இருந்தது. இவர் — என் கணவர் சிதம்பரம், இன்ஷூரன்ஸ் ஆபீசில் அதிகாரி — வாங்கும்போதே அது இரண்டு பேர் கை மாறி வந்த வண்டி. க்ரீம் கலர். ஒவ்வொரு மழைக்காலம் முடியும்போதும் கதவுகளின் அடியில் துரு கொஞ்சம் மேலே ஏறியிருக்கும்.

போன கோடையில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். மந்தைவெளியில் ஒரு டிரைவிங் ஸ்கூல். அங்கே இருந்த மாஸ்டருக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கின் மேல்தான் நம்பிக்கை. ஆனாலும் லைசென்ஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு சில ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இவரோடு பெசன்ட் நகர் பக்கம் போய், எங்கள் ஃபியட்டில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கை கியரையும் பழகிக்கொண்டேன். இனி பஸ்ஸில் இடிபட வேண்டாம், கல்லூரிக்கு நானே ஓட்டிக்கொண்டு போகலாம்... என்று நான் நினைத்த அதே வாரம் இவர் சொன்னார்:

"பெயின்ட் அடிச்சிடலாம். அதுக்கப்புறம் நீ எடு. இந்தத் துருவோட நீ காலேஜுக்குப் போனா நல்லாவா இருக்கும்?"

என் கௌரவத்துக்காகச் சொல்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். கல்யாணமாகி இவ்வளவு வருஷம் கழித்தும் இப்படி ஏமாறுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

மெக்கானிக் ஷெட்டில் பாபு என்பவர் பட்டி வைத்து, தேய்த்து, அடித்துக் கொடுத்தார். கருநீலம். வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது எனக்கே மூச்சு நின்றுவிட்டது, பொய் சொல்லக்கூடாது. பானெட்டில் எங்கள் காம்பவுண்டு வாதாமரம் இலை இலையாகத் தெரிந்தது. இவர் அதில் தலையைச் சரிசெய்துகொண்டார்.

சாவியைக் கொடுக்கும்போது பாபு ஒரு விஷயம் சொன்னார்.

"மேல காஞ்சிருச்சி சார். உள்ள இன்னும் ஈரந்தான். தின்னரு மெதுவா வெளிய வரணும். வேக்ஸு கீக்ஸு எதுனா இப்ப போட்டுடாத. மூச்சு முட்டிக்கும். அப்பறம் வெள்ள வெள்ளயா பூத்துரும்."

"எவ்வளவு நாள் விடணும்?"

"ரெண்டு மாசம் வுடு சார். மூணு மாசம் வுட்டாலும் நல்லதுதான். மழ வேற வருது... பாத்துக்கலாம்."

இந்தப் 'பாத்துக்கலாம்' இருக்கிறதே, அதில்தான் ஆரம்பித்தது எல்லாம்.

நான் சாவிக்குக் கை நீட்டினேன். இவர் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வேக்ஸ் போட்டதும் நீ எடு. இப்ப ஒரு கீறல் விழுந்தாலும் உள்ள வரைக்கும் இறங்கிடும்." சொன்ன குரலில் ஒரு டாக்டரின் கனிவு இருந்தது.

ஆக, கேள்வி இப்போது இரண்டல்ல, ஒன்றுதான். காருக்கு வேக்ஸ் எப்போது போடுவது என்பதும், நான் எப்போது ஓட்டுவது என்பதும் ஒரே தேதியாகிவிட்டன. எனக்கு இந்த விஷயத்தில் ஏன் அவ்வளவு அக்கறை வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இவர் விசாரிக்கத் தொடங்கினார். ஆபீசில் ஒருவர், ஒரு மாதம் போதும் என்றார். இன்னொருவர், பெயின்ட் அடித்த மறுநாளே போட்டுவிட வேண்டும், அப்போதுதான் பிடிக்கும் என்றார். நியூஜெர்சியில் இருக்கும் என் கொழுந்தனார், யாரோ ஊருக்கு வருகிறவரிடம் ஒரு வேக்ஸ் டப்பாவைக் கொடுத்தனுப்பினார். டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு எச்சரிக்கை: புதுப் பெயின்ட் முழுமையாக 'க்யூர்' ஆன பிறகே உபயோகிக்கவும்.

"க்யூர்னா என்ன அர்த்தம்? நீதானே வாத்தியார்?" என்றார்.

"வியாதி குணமாகறது" என்றேன்.

நான் கிண்டலாகச் சொன்னேன். இவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் பேப்பர் படிப்பதற்கு முன்னால் கீழே இறங்கிப் போய், பானெட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து மோந்து பார்த்தார். "இன்னும் தின்னர் வாசனை வருது" என்று மேலே வந்து ரிப்போர்ட் கொடுத்தார். எனக்கு ஜுரம் வந்தபோதுகூட இத்தனை தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்ததில்லை.

எங்கள் கீழ் வீட்டில் வைத்தியநாதன் மாமா இருக்கிறார். ரிடையர்டு இன்ஜினியர். அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எதைப் பற்றியும் அவருக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு, கேட்டாலும் கேட்காவிட்டாலும். அவர் சொன்னார்: "மூணு மாசம், சிதம்பரம். ஒரு நாள் குறையப்படாது. பெயின்ட்ங்கறது காயறதில்லை, இறுகறது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

இவர் அதைக் கேட்டு முகம் மலர்ந்தார். எனக்குத்தான் மாமாவின் மேல் கோபம் வந்தது. அவர் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையில் என் பஸ் பயணம் தீபாவளியைத் தாண்டிப் போய்விட்டது அல்லவா?

அதோடு நிற்கவில்லை. மாமா தன்னைத்தானே அந்தக் காருக்குக் காவலராக நியமித்துக்கொண்டார். காரணம், காக்கா. புதுப் பெயின்டுக்கு வெயில் ஆகாது, நிழல் வேண்டும். எங்கள் காம்பவுண்டில் நிழல் என்றால் வாதாமரத்தடி. வாதாமரம் என்றால் காக்கா. காக்கா எச்சம் புதுப் பெயின்டை அரித்துவிடும் என்று மாமாவே இவரிடம் சொல்லியிருந்தார். ஆகவே பகலில் இவர் ஆபீசுக்குப் போனதும், மாமா ஜன்னலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மரத்தில் இறக்கைச் சத்தம் கேட்டால் ஒரு கைத்தட்டல். எச்சம் விழுந்தால் ஒரு கிண்ணம் தண்ணீரும் பழைய பனியனுமாக வெளியே வருவார்.

அவர் மனைவி ஜெயா மாமி என்னிடம் சொன்னார்: "ரிடையர் ஆனப்பறம் இப்பத்தான் மனுஷர் வேளாவேளைக்கு எழுந்துக்கறார். நான் ஒண்ணும் சொல்லலை."

காருக்கு உறை போட்டு மூடிவிடலாமே என்று கேட்டேன். கூடாதாம். பெயின்ட் மூச்சு விட வேண்டுமாம்.

பாவம், அதில் இவருக்குத்தான் எவ்வளவு கஷ்டம். நம் வீடுகளில் ஒரு புதுப் பொருள் வந்தால் முதலில் அதற்கு உறை தைத்துவிட்டுத்தானே மறுவேலை? டிவிக்கு உறை. ரிமோட்டுக்கு ப்ளாஸ்டிக் உறை. சோபாவுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க மேலே ஒரு துண்டு. கண்ணாடி டம்ளர்கள் ஷோகேஸில் இருக்கும், நாம் எவர்சில்வரில் குடிப்போம். நல்ல பட்டுப்புடவை பீரோவில் மடிப்போடு கிழியும். நாம் பொருளை வாங்குவது உண்மைதான்... ஆனால் உபயோகிக்கப் போகிற ஆள் வேறு யாரோ, இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. அவர் வரும்வரை நாம் காவல்.

எங்கள் கார் காவலில் இருந்தது. தினமும் காலையில் இவர் ஸ்டார்ட் செய்வார், பேட்டரி இறங்கக்கூடாதே. கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைப்பார். பிறகு நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடப்போம்.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பிலேயே சண்டை போட்டேன்.

"பெயின்ட் காயறதுக்குள்ள எனக்கு ஓட்டறதே மறந்துடும்."

"கொஞ்சம் பொறுமையா இரேன். கார் எங்க போகப்போகுது?"

"எங்கேயும் போகலைங்கறதுதாங்க என் கம்ப்ளெய்ன்ட்."

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி சிரித்துவிட்டார். இவர் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது, "மூணு மாசம் ஆகட்டும், உன் கையால சாவி தர்றேன்" என்றார். என் கையால் என்னிடம் எப்படித் தருவார்? குழப்பத்தில் இருந்தார் என்று மட்டும் தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. நான் இடித்துவிடுவேன் என்று பயம் அவருக்கு. அதை நேரே சொல்லவும் பயம். நடுவில் வேக்ஸ் டப்பா ஒரு நல்ல திரையாக வந்து சேர்ந்தது.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. அது எப்படிப்பட்ட மழை என்று உங்களுக்கே தெரியும், நீங்களும் அதில் நனைந்திருப்பீர்கள். வேளச்சேரி பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்றார்கள். எங்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் தெரு மட்டும் கால்வாயாக மாறியது. போன் செத்துப்போனது. கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு மழையெல்லாம் பொருட்டில்லை, இவர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. நான் சாப்பிட்டுவிட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கீழிருந்து எங்கள் வாட்ச்மேன் முனுசாமியின் குரல் கேட்டது.

"யம்மா... கொஞ்சம் எறங்கி வாம்மா. மாமா வுயுந்துட்டாரு."

ஓடினேன். வாதாமரத்தடியில், எங்கள் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மாமா மல்லாந்து கிடந்தார். ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. கையில் இன்னும் அந்த ஈரப் பனியன். மழை விட்டதும், பானெட்டில் தேங்கிய தண்ணீரைத் துடைக்க வந்திருக்கிறார். தண்ணீர் நின்றால் புதுப் பெயின்டில் புள்ளி விழுமாம். தரையெல்லாம் பாசி. வழுக்கிவிட்டது.

மாமி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். புடவையெல்லாம் சேறு.

"மீனா, இவரால காலை அசைக்க முடியலை" என்றார். அழவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

முனுசாமி ஓடிப்போய்த் தெருமுனையில் ஒரு ஆட்டோவை மடக்கிக்கொண்டு வந்தார். ஆட்டோக்காரர் கேட் வரை வந்து எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா போவணும்?"

"அடையாறு. நர்சிங் ஹோம்."

"பாலத்துக்கு முன்னாடி தண்ணி நின்னுகினு கீதும்மா. இஞ்சின்ல பூந்துச்சின்னா நடுவுல நின்னுக்கும். பெரியவர வச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றார். மாமாவின் காலைப் பார்த்தார். "இவர ஆட்டோல ஒக்கார வைக்கவே முடியாதும்மா. காருதான் கரெக்டு."

சொல்லிவிட்டு அவர் எங்கள் காரைப் பார்த்தார். முனுசாமியும் பார்த்தார். மாமியும் பார்த்தார். கருநீலத்தில் மழைத்துளி முத்து முத்தாக நின்றுகொண்டிருந்தது.

நான் மேலே ஓடிச் சாவியை எடுத்து வந்தேன். ஸ்விட்ச் போர்டு பக்கத்து ஆணியில்தான் இவ்வளவு நாளும் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் பூட்டி வைக்கவில்லை. நான்தான் எடுத்ததில்லை.

காரைத் திறந்தபோது கீழே கிடந்த மாமா பேசினார்.

"வேண்டாம்மா. புதுப் பெயின்ட். இந்தச் சேத்துத் தண்ணி பட்டா..."

"பெயின்ட் கிடக்கட்டும்" என்றார் மாமி. "நீங்க வாயை மூடிண்டு வாங்கோ."

அந்த வீட்டில் மாமி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாமாவும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். சட்டென்று அடங்கிவிட்டார்.

முனுசாமி, எதிர்வீட்டு வாசலில் வண்டி போடும் இஸ்திரிக்காரர், அந்த ஆட்டோக்காரர், நான் — நாலு பேருமாகப் பெட்ஷீட்டில் ஏந்தி அவரைப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். மாமி அவர் தலைமாட்டில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். முனுசாமி கேட்டைத் திறந்து கயிற்றால் சுவரோடு கட்டினார்.

நான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ரிவர்ஸில் வெளியே எடுக்க வேண்டும். எங்கள் கேட் எவ்வளவு குறுகல் என்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இவரே, முனுசாமி பின்னால் நின்று 'வுடு வுடு' என்று கையாட்டினால்தான் எடுப்பார். பெசன்ட் நகரில் நான் பழகியதெல்லாம் முன்னால் போவது மட்டும்தான். ரிவர்ஸ் போட்டேன்.

பாதி வரை ஒழுங்காக வந்தது. திருப்பும்போது இடதுபக்கம் ஒரு சத்தம். நீளமாக, பல் கூசுகிற மாதிரி.

பிரேக்கை மிதித்தேன். "என்ன மாமா சத்தம்?"

பின்சீட்டிலிருந்து மாமா சொன்னார்: "ஒண்ணுமில்லை. கேட்டு காத்துல ஆடறது. நீ பாட்டுக்கு எடு."

கேட் கயிற்றில் கட்டியிருந்தது. காற்றும் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு சின்ன விஷயத்தில்கூட உள்ளதை உள்ளபடி சொல்லாமல் விடமாட்டாத மனிதர். நான் பயந்துவிடக் கூடாது என்று அந்த வலியிலும் யோசித்து ஒரு பொய் சொன்னார். நான் அதை நம்பிக்கொண்டு எடுத்தேன்.

தெருவில் தண்ணீர். பள்ளம் எது, மேடு எது என்றே தெரியவில்லை.

"ஃபர்ஸ்ட்லயே போ. ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுக்காதே. எடுத்தா சைலன்சர்ல தண்ணி ஏறிடும்" என்று பின்னாலிருந்து மாமா சொன்னார். ஒரு குழியில் வண்டி இறங்கி ஏறியது. அவரிடமிருந்து ஒரு முனகல்.

"கொஞ்சம் சும்மா இருங்கோளேன்" என்றார் மாமி.

"சும்மா இருந்தா ரொம்ப வலிக்கறது ஜெயா. பேசிண்டிருந்தா தெரியலை."

அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. இத்தனை வாரங்களாக எந்தப் பேச்சு ஆரம்பித்தாலே நான் எழுந்து சமையலறைக்குப் போவேனோ, அந்தப் பேச்சை நானே ஆரம்பித்தேன்.

"மாமா, வேக்ஸ் எப்ப போடலாம்னு சொன்னீங்க?"

"மூணு மாசம். சொன்னேனே."

"ஏன் மூணு மாசம்? ஆபீஸ்ல ஒருத்தர் ஒரு மாசம் போதும்னாராம்."

"அவனுக்கு என்ன தெரியும்?" மாமாவின் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. பெயின்டில் கலந்த தின்னர் எப்படி மேல்பக்கமாக ஆவியாகிறது, மேலே ஒரு தோல் விழுந்த பிறகு எப்படி உள்ளே மெதுவாகிறது, அதன்மேல் மெழுகைப் பூசினால் அது எங்கே போகும், எப்படி மங்கும் — சொல்லிக்கொண்டே வந்தார். நடுநடுவே மூச்சு வாங்கியது. நின்றால் நான் அடுத்த கேள்வியைப் போட்டேன். வெயிலில் போடலாமா? கூடாது. வட்டமாகத் தேய்ப்பதா, நேராகத் தேய்ப்பதா? அதற்கு ஒரு பெரிய விளக்கம். என் கண் ரோட்டின் மேல், காது அவர் மேல். என்ன சொன்னார் என்று பாதி இப்போது நினைவில்லை. குரல் நிற்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

பாலத்துக்கு முன்னால் ஆட்டோக்காரர் சொன்ன தண்ணீர் வந்தது. ஒரு பஸ் எதிரே வந்து எங்கள் மேல் ஓர் அலையை எறிந்துவிட்டுப் போனது. வைப்பர் அடித்தும் கண்ணாடியில் ஒரு நிமிஷம் எதுவும் தெரியவில்லை. காலை எடுக்கவில்லை நான். வண்டி இருமிக்கொண்டே ஏறியது. பாலத்தின் மேல் வந்ததும்தான் பின்சீட்டில் பேச்சு நின்றிருப்பது உறைத்தது.

"மாமா? எந்தத் துணியால துடைக்கணும்?"

கண்ணாடியில் மாமியின் தலை மட்டும்தான் தெரிந்தது.

"மாமா. எந்தத் துணி?"

"சொல்லுங்கோளேன்" என்றார் மாமி. "மீனா கேக்கறா பாருங்கோ."

"பனியன்..." என்றார் மாமா. "பழைய பனியன். தோச்சது."

நான் அதற்கு முன் எத்தனையோ செய்யுளுக்குத் தலையாட்டி ரசித்திருக்கிறேன். அந்த நாலு வார்த்தைகளைப் போல எதுவும் இனித்ததில்லை.

நர்சிங் ஹோமில் ஸ்ட்ரெச்சரில் மாற்றினார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. மறுநாள் ஆபரேஷன் என்றார்கள். வயதானவர், தாமதம் செய்யாமல் கூட்டிக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று என்று டாக்டர் சொன்னார். மாமி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அப்போதுதான் அழத் தொடங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாசலில் போய்க் காரைப் பார்த்தேன். இடதுபக்க முன்கதவில், கைப்பிடிக்குக் கீழே தொடங்கி முழு நீளத்துக்கும் ஒரு கோடு. நீலம் கிழிந்து உள்ளே பழைய க்ரீம் கலர் தெரிந்தது. அடிப்பக்கமெல்லாம் சேறு.

நான் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டேன். மனித உயிரா பெயின்டா என்று தொடங்கி, லைசென்ஸ் எதற்குக் கொடுக்கிறார்கள் என்பது வழியாக, எங்கள் கல்யாண வாழ்க்கையின் பல கட்டங்களைத் தொட்டு முடிகிற பேச்சு. நன்றாகவே வந்திருந்தது. பட்டிமன்றத்தில் பேசியிருந்தால் கைத்தட்டல் நிச்சயம்.

அதற்குள் முனுசாமி ஒரு காரியம் செய்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான். எங்கள் தெருவில் போன் வேலை செய்யவில்லை என்பதால் மந்தைவெளி வரை தண்ணீரில் நடந்துபோய், அங்கே வேலை செய்த ஒரு பூத்திலிருந்து இவர் ஆபீசுக்குப் பேசியிருக்கிறார். சொன்ன செய்தி இது: "அம்மா காரை எத்துகினு போனாங்க சார். அடையார் ஆஸ்பத்திரிக்கு வந்துடு." அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

இவர் ஆபீசிலிருந்து எப்படி வந்தார் என்று இன்று வரை முழுதாகச் சொல்லவில்லை. ஒரு லாரி, கொஞ்சம் நடை, மறுபடி ஒரு பஸ் என்று துண்டு துண்டாகத்தான் தெரியும். இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளில் என் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். கடைசியில் இந்த வாசலில் எங்கள் காரைப் பார்த்திருக்கிறார். கதவில் கோடு. சேறு. உள்ளே யாரும் இல்லை.

நான் வராந்தாவில் காபிக்காக நின்றபோது அவர் படியேறி வந்தார். செருப்பு ஒன்றுதான் இருந்தது. என்னைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. மாமாதான் விழுந்துட்டார். கார்லதான் கொஞ்சம்..."

"பார்த்தேன்."

அவ்வளவுதான். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் தயார் செய்த பேச்சுக்கு எதிர்க்கட்சியே வரவில்லை. என்ன செய்வது, காபியை அவரிடம் கொடுத்தேன். குடித்தார். பாதி குடித்த பிறகு கேட்டார்:

"அந்தக் கேட்ல ரிவர்ஸ் எப்படி எடுத்தே?"

"தெரியலை. எடுத்துட்டேன்."

"முனுசாமி கை காட்டினாரா?"

"இல்லை. கேட்டைக் கட்டிட்டு ஓரமா நின்னுட்டார்."

தலையை ஆட்டினார். அதில் கொஞ்சம் பொறாமை இருந்ததாக எனக்குப் பட்டது. இல்லை என்று அவர் சொல்கிறார்.

வீட்டுக்குத் திரும்பும்போது யார் ஓட்டுவது என்று பேச்சே எழவில்லை. அவர் இடதுபக்கம் போய், அந்தக் கோடு விழுந்த கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

மாமாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கார்த்திகைக்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்க ஒரு வாக்கர் கொடுத்திருக்கிறார்கள், அதன் உயரம் தப்பு என்பது அவர் அபிப்பிராயம். இவர் தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் முதலில் கீழ் வீட்டுக்குப் போய் உட்கார்கிறார். தன் காரைத் துடைக்க வந்து ஒருவர் விழுந்தது அவர் மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது. ஒருநாள் அதை வாய்விட்டுச் சொல்லியும்விட்டார். மாமா கேட்டுக்கொண்டார். "பாசியைச் சுரண்டாத அசோசியேஷனைச் சொல்லணும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மழை ஓய்ந்ததும் பாபு வந்து கதவைப் பார்த்தார். தேய்த்து, பட்டி வைத்து, அந்த ஒரு கதவுக்கு மட்டும் புதிதாக அடித்துக் கொடுத்தார்.

"இந்த டோரு மட்டும் புச்சு சார். மத்ததுக்கெல்லாம் வேக்ஸு போட்டுக்கோ, ஒண்ணும் ஆவாது. இதுக்கு மட்டும் வுட்டுவுடு."

"எவ்வளவு நாள்?" என்று இவர் கேட்டார்.

"பாத்துக்கலாம் சார்."

இந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூஜெர்சி டப்பா திறக்கப்பட்டது. மாமா வாக்கரோடு ஜன்னலருகே நின்று உத்தரவு போட, இவர் பனியனால் தேய்த்தார். வட்டமாக இல்லை, நேராக. சாயங்காலம் பார்த்தால் கார் கண்ணைப் பறித்தது, ஒரு கதவைத் தவிர. அந்தக் கதவு மட்டும் வேறு ஒரு குடும்பத்திலிருந்து வந்து நிற்பது போல மங்கலாக இருக்கிறது. சிக்னலில் பக்கத்துக் காரில் இருப்பவர்கள் உற்றுப் பார்க்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்குக் கேட்டு, கதை தெரிந்துவிட்டது.

வேக்ஸ் போட்ட அன்று சாவி கொடுக்கும் வைபவம் எதுவும் நடக்கவில்லை. அதற்குள் நான் ஓட்டத் தொடங்கி வாரக்கணக்கு ஆகிவிட்டது. காலையில் என்னைக் கல்லூரியில் விட்டுவிட்டு அவர் காரை எடுத்துப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஆபீஸ் வாசலில், மவுண்ட் ரோட்டில் நிறுத்தினால் எவனாவது கோடு போட்டுவிடுவான் என்று பஸ்ஸிலேயே போகிறார்.

நேற்றும் பெட்ரோல் போடப் போயிருந்தோம். டேங்க் மூடியின் சாவியைப் பங்க் பையன்கள் இப்போதெல்லாம் இவர் பக்கம் போகாமல் என்னிடம்தான் கேட்கிறார்கள்.